பனி பொழியாவிட்டால் யார் பொறுப்பு? – அரைப் பருவ பாஸ்களின் கணக்கு

கொலராடோ மாநிலத்தின் வேல் பனிச்சறுக்கு மலையில், 2024–25 பருவத்தின் நெரிசல் நாட்களில் கவுண்டரில் ஒரு நாள் லிஃப்ட் டிக்கெட் 329 டாலர். அந்த மலையோடு இன்னும் பல டஜன் மலைகளில் பருவம் முழுக்கச் சறுக்க உதவும் எபிக் பாஸ், அதே பருவத்துக்காக முன்கூட்டியே விற்பனைக்கு வந்தபோது 982 டாலர். மூன்று நாள் போனாலே பாஸ் லாபம். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் ஒரு சந்தேகம் வந்தாக வேண்டும். இவற்றில் ஏதோ ஒன்று உண்மை விலை இல்லை.

என் கணிப்பில் உண்மையில்லாதது முதல் எண்தான். கவுண்டரில் நின்று 329 டாலர் கொடுப்பவர் இல்லாமல் இல்லை. ஆனால் அவரை நம்பி மலை ஓடவில்லை. வேல் ரிசார்ட்ஸ் நிறுவனமே சொல்லும் கணக்குப்படி, அதன் மலைகளுக்கான வருகைகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு, பருவம் சூடுபிடிக்கும் முன்பே ஏதோ ஒரு பாஸ் வாங்கிவிட்டவர்களுடையது. கவுண்டர் விலை, பாஸ் வாங்காதவருக்கு விதிக்கும் அபராதம். அந்த அபராதத் தொகையை அளவுகோலாக வைத்துக்கொண்டு, 'இவ்வளவு மிச்சம்' என்று எந்த பாஸையும் எடைபோடக் கூடாது. அரைப் பருவ பாஸ்களைப் பற்றிப் பேசும்போது முதலில் தெளிவாக வேண்டியது இதுதான்.

முழுப் பருவ பாஸுக்கும் கவுண்டர் டிக்கெட்டுக்கும் நடுவே இன்று பெரிய சந்தை ஒன்று வளர்ந்திருக்கிறது. அதில் ஒரு வகை, நாட்களை எண்ணி விற்பது. வேல் ரிசார்ட்ஸ் 2019-இல் கொண்டுவந்த எபிக் டே பாஸில் 1 முதல் 7 நாள் வரை வாங்கலாம், அடுத்தடுத்த நாட்களாக இருக்க வேண்டியதில்லை. போட்டியாளரான அல்டெராவின் ஐகான் செஷன் பாஸில் 2, 3 அல்லது 4 நாள். இன்னொரு வகை, சில நாட்களை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை விற்பது. அமெரிக்க வடகிழக்கு மலைகளுக்கான எபிக் வார நாள் பாஸ் சனி, ஞாயிறில் செல்லாது. எபிக் லோக்கல் பாஸுக்குப் பெயர்பெற்ற மலைகளில் விடுமுறை நாட்களில் அனுமதி இல்லை, வேல், பீவர் கிரீக், விஸ்லர் மூன்றுக்கும் சேர்த்து மொத்தம் 10 நாள்தான். மூன்றாவது வகை, பருவத்தின் வால் பகுதியை மட்டும் விற்பது. கீஸ்டோன் மலைக்கான பாஸ் ஒன்று ஏப்ரல் பிறந்ததும் பக்கத்து பிரெக்கன்ரிட்ஜுக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. இவற்றுக்கு வெளியே, பெரிய நிறுவனங்களின் பிடியில் இல்லாத சின்ன மலைகளை ஒன்றாகக் கோத்த இண்டி பாஸ் இருக்கிறது. ஒவ்வொரு மலையிலும் இரண்டு நாள் என்பது அதன் விதி.

இந்த மலிவு எங்கிருந்து வந்தது? 1998-இல் ஐடஹோ மாநிலத்து பாய்சி நகரை ஒட்டிய போகஸ் பேசின் என்ற உள்ளூர் மலை, 500 டாலர் அளவில் இருந்த பருவ பாஸை ஒரேயடியாக 199 டாலருக்கு இறக்கியது. அதுவரை சில ஆயிரம் பாஸ் விற்றுக்கொண்டிருந்த இடத்தில் இருபதாயிரத்துக்கும் மேல் விற்றது. அதே ஆண்டு, டென்வர் நகராட்சிக்குச் சொந்தமாக இருந்த வின்டர் பார்க், நான்கு பேர் சேர்ந்து வாங்கினால் 800 டாலர் என்றது. டென்வரைச் சுற்றியிருந்த மலைகளுக்கிடையே விலைப் போர் மூண்டது. பத்து ஆண்டு கழித்து, 2008-இல், வேல் ரிசார்ட்ஸின் அன்றைய தலைவர் ராப் கட்ஸ் அந்த உள்ளூர் உத்தியை நிறுவனம் முழுவதற்கும் விரித்தார். முதல் எபிக் பாஸின் விலை 579 டாலர். 2018-இல் அல்டெரா 899 டாலருக்கு ஐகான் பாஸோடு களத்தில் இறங்கியது.

போகஸ் பேசின் மேலாளர்கள் கண்டுகொண்ட உண்மை எளிமையானது. பனிச்சறுக்கு மலையின் செலவு பெரும்பாலும் நிலையான செலவு. லிஃப்ட் ஓட வேண்டும், சரிவுகளை இயந்திரம் இரவில் சீர் செய்ய வேண்டும், மீட்புப் படையினர் காத்திருக்க வேண்டும். நூறு பேர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் இது மாறாது. செவ்வாய்க்கிழமை காலையில் கூடுதலாக ஒருவர் வந்தால் மலைக்கு ஆகும் செலவு ஏறக்குறைய பூஜ்யம், அவர் குடிக்கும் காப்பியில் வருமானமும் உண்டு. வரும் வருமானமோ வானத்தைப் பொறுத்தது. பனி தாமதித்தால் கவுண்டர் காலி. இந்த நிச்சயமின்மையை ஏப்ரல், மே மாதத்திலேயே வாடிக்கையாளரின் தலைக்கு மாற்றிவிடும் கருவிதான் பாஸ். விலை குறைப்பு தள்ளுபடி அல்ல, வானிலையின் பொறுப்பை நாம் ஏற்றுக்கொள்வதற்குத் தரப்படும் கூலி. அரைப் பருவ பாஸ் வாங்கலாமா என்ற கேள்வியை, 'இந்தக் கூலி எனக்குக் கட்டுப்படியாகுமா' என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முழு பாஸ் வைத்திருப்பவருக்கு இந்தச் சுமை லேசானது. இந்த வாரம் பனி இல்லையென்றால் அடுத்த வாரம் போவார். கட்டணம் ஒரு நூறு நாள் பருவத்தின் மேல் பரவிக் கிடக்கிறது. மூன்று நாள் கட்டு வாங்கியவருக்கு அந்த வசதி பாதிதான் உண்டு. அவர் மலைக்கு அருகில் வாழ்ந்தால், நல்ல பனி விழும் மூன்று நாட்களுக்காகக் காத்திருக்கலாம். அப்போது அந்தக் கட்டு அருமையான பேரம். ஆனால் டெக்சாஸிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ விமான டிக்கெட்டும் அறையும் ஆறு மாதம் முன்பே பதிவு செய்துவிட்டவருக்கு, எந்த மூன்று நாள் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அவர் மழையிலும் போவார், பாறை தெரியும் சரிவிலும் போவார். ஒரே பாஸ், ஒரே விலை. ஆனால் வாங்கும் பண்டம் வேறு. விளம்பரங்களில் இந்த வேறுபாடு ஒருபோதும் வராது.

இனி, பாஸ் செல்லாத நாட்களின் பட்டியல். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரம், ஜனவரி மூன்றாம் திங்களோடு சேர்ந்த மார்ட்டின் லூதர் கிங் நாள் விடுமுறை, பிப்ரவரி மூன்றாம் திங்களோடு சேர்ந்த அதிபர் நாள் விடுமுறை. ஏறத்தாழ எல்லா மலிவு பாஸ்களும் விலக்குவது இவற்றைத்தான். பட்டியலில் பத்துப் பதினைந்து நாள்தான் இருக்கும், பருவம் நூறு நாளுக்கு மேல். 'பத்து சதவீதம்தானே' என்று தோன்றும். தீபாவளிக்கு முந்தின இரவு மட்டும் செல்லாத ஆம்னி பஸ் பாஸை, ஆண்டில் 364 நாள் செல்லும் என்று சொல்லி விற்றால் வாங்குவோமா? பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் மலைக்குப் போக முடிந்த நாட்களே அந்தப் பத்துப் பதினைந்துதான். அவர்களுக்கு அந்த பாஸ் தொண்ணூறு சதவீதப் பாஸ் அல்ல, வெறும் அட்டை. ஆகவே நாட்காட்டியை எடுத்து, பாஸ் எத்தனை நாள் செல்லும் என்று எண்ணக் கூடாது. நாம் போகக்கூடிய நாட்களை முதலில் குறித்துக்கொண்டு, அவற்றில் எத்தனை மிஞ்சுகின்றன என்று எண்ண வேண்டும்.

மறுபுறம், விலக்கு நாட்களால் துளியும் பாதிக்கப்படாதவர்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்றவர்கள், இரவுப் பணி பார்க்கும் செவிலியர்கள், வார நாளில் விடுப்பு கிடைக்கும் உணவக ஊழியர்கள், பல்கலைக்கழக மாணவர்கள். இவர்களுக்கு வார நாள் பாஸ், விலை குறைந்த பாஸ் மட்டுமல்ல, தரம் கூடிய பாஸும்கூட. சனிக்கிழமை லிஃப்ட் வரிசையில் அரை மணி நின்று மேலே ஏறுபவர் ஒரு நாளில் சறுக்கும் தூரத்தை, செவ்வாய்க்கிழமைக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுவார். பொதுவாக மலிவு என்றால் தரக் குறைவு. இங்கே மட்டும் கூட்டம் எதற்கு அதிகப் பணம் கொடுக்கிறதோ அதுவே மோசமான சரக்கு. இந்த ஒரு பிரிவினருக்கு நான் தயக்கமில்லாமல் 'வாங்குங்கள்' என்பேன்.

இனி நாள்கட்டுகளின் கூட்டல் கணக்கு. வேல் ரிசார்ட்ஸ் தன் நாள் பாஸ் கவுண்டர் விலையைவிட 65 சதவீதம் வரை மலிவு என்று விளம்பரம் செய்வது வழக்கம். அந்த 65-ஐ மறந்துவிடுவோம். ஒரு கட்டில் நாள் ஒன்றுக்கு 120 டாலர் விழுகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 2024–25-இல் எபிக் லோக்கல் பாஸின் தொடக்க விலை 731 டாலர். ஆறு நாள் கட்டு 720. ஏழாம் நாளில் லோக்கல் பாஸ் மலிவாகிவிடுகிறது. முழு எபிக் பாஸை எட்டிப் பிடிக்க ஒன்பதாம் நாள் ஆகிறது. உண்மையில் நாட்கள் கூடக் கூட ஒரு நாள் விலை கொஞ்சம் இறங்கும், மலைகளின் தரப் பட்டியலைப் பொறுத்தும் மாறும். ஆனாலும் கணக்கின் உருவம் இதுதான். நாள்கட்டு ஏழோடு நின்றுபோவது தற்செயல் அல்ல. அதற்கு மேல் போனால் கட்டுக்கும் பாஸுக்கும் வேறுபாடு அற்றுப்போகும். எனவே உண்மையான போட்டி இரண்டிலிருந்து ஐந்து நாள் வரை போகிறவர்களுக்காகத்தான். அவர்கள் ஒப்பிட வேண்டியது கவுண்டர் விலையோடு அல்ல. கட்டில் ஒரு நாளைக் கூட்டினால் எவ்வளவு ஏறுகிறது, குறைத்தால் எவ்வளவு இறங்குகிறது, அதே தேதிக்குப் பக்கத்திலுள்ள சின்ன மலையின் இணைய டிக்கெட் என்ன விலை. இந்த மூன்றையும்தான்.

கணக்கைத் தாண்டி மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது தனி விஷயம். வியப்பு என்னவென்றால், பொருளியலும் உளவியலும் இந்தக் கேள்வியைப் பனிமலையை வைத்தே பலமுறை சோதித்திருக்கின்றன. 1985-இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் இருவரும் ஒரு கற்பனைச் சூழலைக் கொடுத்தார்கள். மிச்சிகனில் சறுக்க 100 டாலருக்கும், விஸ்கான்சினில் சறுக்க 50 டாலருக்கும் டிக்கெட் வாங்கிவிட்டீர்கள், இரண்டும் ஒரே வார இறுதியில் வந்து மோதுகின்றன, திருப்பித் தர முடியாது, விஸ்கான்சின்தான் உங்களுக்கு அதிக மகிழ்ச்சி தரும். எங்கே போவீர்கள்? பாதிக்கு மேற்பட்டவர்கள் மிச்சிகன் என்றார்கள். கொடுத்த காசு கண்ணை மறைத்தது. அதே ஆய்வில் நாடக அரங்கின் பருவச் சீட்டு வாங்கியவர்களையும் பின்தொடர்ந்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள், தள்ளுபடி பெற்றவர்களைவிட அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். ஆனால் பருவத்தின் முதல் பாதியில் மட்டும். பிற்பாதியில் அந்த வேகம் மறைந்துபோனது. டிசம்பரில் விடாமல் மலையேறி, மார்ச்சில் பாஸை மேசை இழுப்பறையில் போட்டுவிடும் நண்பர்கள் நம் எல்லோருக்கும் உண்டு.

திலீப் சோமனும் ஜான் கூர்வில்லும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு நாள்கட்டுக்கு இன்னும் நெருக்கமானது. நான்கு நாளுக்கு 40 டாலர் வீதம் தனித்தனி டிக்கெட் வாங்கியவர், 160 டாலருக்கு ஒரே நான்கு நாள் பாஸ் வாங்கியவர் என்று இருவர். கடைசி நாள் மழையால் பனி கெட்டுவிட்டது. யார் போவார்? தனி டிக்கெட்டுக்காரருக்கே போகும் எண்ணம் அதிகம். அவர் கையில் இருப்பது 40 டாலர் மதிப்புள்ள ஒரு தாள். மற்றவருக்கோ காசு எங்கோ கரைந்துபோய்விட்டது, விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. கட்டாக விற்றால் கடைசி நாள் பயன்படாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது, பயன்படாத நாள் அடுத்த ஆண்டுக்கும் போகாது.

இதோடு ஸ்டெஃபனோ டெல்லாவின்யா, உல்ரிக்க மால்மென்டியர் 2006-இல் வெளியிட்ட உடற்பயிற்சிக்கூட ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டிய உறுப்பினர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் வந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அங்கேயே பத்து முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான். நாம் எத்தனை முறை போவோம் என்பதில் நமக்கிருக்கும் நம்பிக்கை, நிகழ்வதைவிடப் பெரியது. இரண்டு பாடங்களையும் சேர்த்து நான் சொல்வது இது. திட்டமிட்ட நாட்களில் ஒன்றைக் கழித்துவிட்டு நாள்கட்டு வாங்குங்கள். ஆசைப்பட்ட எண்ணிக்கைக்காக முழுப் பாஸுக்குத் தாவுவதைவிட, ஒரு நாள் குறைந்த கட்டு நஷ்டம் குறைந்தது. கூடுதலாக ஒரு நாள் கவுண்டரில் கொடுக்க நேர்ந்தால்? நெரிசல் நாளாக இருந்தால் வலிக்கும், வார நாளாக இருந்தால் தாங்கலாம்.

பாஸின் விலையில் அடங்காதவை பல. காலணியும் பலகையும் வாடகை. பல மலைகளில் வண்டி நிறுத்தத்துக்கே முன்பதிவும் கட்டணமும் வந்துவிட்டன. டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலையின் சனிக்கிழமைக் காலை நெரிசலுக்கு எந்த பாஸிலும் தள்ளுபடி கிடையாது. ஆல்டா, டியர் வேலி இரண்டும் ஐகான் பட்டியலில் இருக்கின்றன, ஆனால் ஒற்றைப் பலகைக்காரர்களை அங்கே லிஃப்டில் ஏற்றுவதில்லை. பட்டியலின் நீளத்தைப் பார்த்து மயங்கும் ஸ்னோபோர்டுக்காரர் கவனிக்க வேண்டிய சின்ன விவரம்.

பனி பொழிந்தும் மலை திறக்காவிட்டால்? வாஷிங்டன் மாநிலத்து ஸ்டீவன்ஸ் பாஸ் மலையில் 2021–22 குளிர்காலத்தில் ஆள் பற்றாக்குறையால் லிஃப்டுகளில் பல ஓடாமல் கிடந்தன. பணத்தைத் திருப்பிக் கேட்ட மனுவில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். 2024 டிசம்பர் 27 முதல் 2025 ஜனவரி 8 வரை யூட்டாவின் பார்க் சிட்டியில் மீட்புப் படையினர் வேலை நிறுத்தம் செய்தபோது, ஆண்டிலேயே விலை உச்சத்தில் இருந்த வாரத்தில் மலையின் பெரும்பகுதி மூடிக் கிடந்தது. பிறகு நிறுவனம் அடுத்த பருவப் பாஸில் கழிவு தருவதாக அறிவித்தது. வெளியூரிலிருந்து அந்த ஒரு வாரத்துக்காக வந்தவருக்கு, அடுத்த ஆண்டும் வா என்ற அழைப்புதான் இழப்பீடு. பெருந்தொற்றுக்குப் பின் எபிக் பாஸோடு இலவசமாக வரும் காப்பு, காயம், வேலை இழப்பு, மலை மூடல் போன்றவற்றுக்குப் பணம் திருப்பித் தருகிறது. பனி மோசம் என்பதற்கு அதில் இடமில்லை. அந்தப் பொறுப்புக்குத்தான் ஏற்கெனவே கூலி வாங்கிவிட்டோமே.

ஐரோப்பாவில் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழுவதில்லை. ஆஸ்திரியாவின் பெரிய மலைகளிலேயே ஒரு நாள் டிக்கெட் 80 யூரோவை ஒட்டித்தான். அபராதம் சிறியது என்பதால் பாஸுக்கு ஓடும் அவசரமும் குறைவு. ஆனாலும் சுவிட்சர்லாந்தின் ஜாஸ்-ஃபே, 2016-இல் பருவ பாஸை 222 பிராங்குக்கு விற்றது. 99,999 பேர் சேர்ந்தால்தான் என்று நிபந்தனை வைத்து, அந்த எண்ணிக்கை எட்டப்படாதபோதும் விற்றது. அடுத்த ஆண்டு பிரெஞ்சு பேசும் பகுதியின் சின்ன மலைகள் கூடி மேஜிக் பாஸைத் தொடங்கின. அங்கேயும் தூண்டியது பேராசை என்பதைவிட, வானத்தைப் பற்றிய பயம் என்றே சொல்வேன்.

இந்தச் சந்தையில் குறைத்து மதிப்பிடப்படும் பண்டம் வசந்தகால பாஸ். பொதுமக்களின் மனதில் பனிச்சறுக்கு என்றால் கிறிஸ்துமஸ். மலையின் கணக்கு வேறு. கொலராடோவில் டிசம்பர் இறுதியில் பல சரிவுகள் இயந்திரப் பனியை நம்பியே திறந்திருக்கும். மார்ச் அங்கே பனி அதிகம் பொழியும் மாதங்களில் ஒன்று, தேங்கிய பனியின் ஆழம் ஏப்ரல் வாக்கில்தான் உச்சத்தைத் தொடும். அரபாஹோ பேசின் போன்ற உயரமான மலை ஜூன் வரைகூட ஓடும். விலையோ இதற்கு நேர்மாறாக இறங்கிக்கொண்டே போகும், ஏனென்றால் நகரத்தில் பூ பூத்ததும் மக்கள் மலையை மறந்துவிடுகிறார்கள். பல மலைகள் அடுத்த ஆண்டுப் பாஸை இப்போதே வாங்குவோருக்கு இந்த ஆண்டின் மிச்ச நாட்களைச் சும்மா சேர்த்துத் தருகின்றன. மதியத்துக்கு மேல் பனி இளகிச் சேறாகும் என்பது உண்மைதான். காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை சறுக்கிவிட்டு இறங்கினால் போதும். சேறாவதற்கு முன் லேசாக இளகிய அந்தப் பனிதான் கற்றுக்குட்டிக்கும் ஏற்றது, விழுந்தால் அதிகம் வலிக்காது. இன்னொரு நன்மையும் உண்டு. மலையில் எவ்வளவு பனி இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்கும் ஒரே பாஸ் இதுதான். வானிலைப் பொறுப்பு ஏறத்தாழ இல்லை, ஆனாலும் கூலி முழுசாகக் கிடைக்கிறது.

இண்டி பாஸ் பற்றி ஒரு வார்த்தை. 2019-இல் டக் ஃபிஷ் தொடங்கியபோது 199 டாலர். விற்கும் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, பிறகு காத்திருப்போர் பட்டியலுக்குத் தள்ளுவது அதன் வழக்கம். அரபாஹோ பேசின் 2019-இல் நெரிசல் தாங்காமல் எபிக் கூட்டணியை விட்டு வெளியேறியதை நினைத்தால், அந்த வரம்பின் அருமை புரியும். ஆனால் மலைக்கு இரண்டு நாள் என்ற விதி, வண்டியில் ஊர் ஊராகச் சுற்றும் மனிதருக்கே பொருந்தும். வீட்டருகே ஒரே ஒரு சின்ன மலை இருப்பவர், அந்த மலையின் சொந்தக் கட்டை வாங்குவதுதான் சரி. வெர்மான்ட்டில் சறுக்குவோரே கூட்டுறவாக நடத்தும் மேட் ரிவர் கிளென் விற்கும் மூன்று நாள் அட்டை போன்றவை இந்த ரகம்.

மிஞ்சுவது விடுமுறையில் மட்டுமே போக முடிந்த குடும்பம். அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் நம் வீடுகளில் பெரும்பாலானவை இந்த நிலைதான். பெரியவர்களுக்கு விலக்கு நாட்கள் இல்லாத, விலை கூடிய நாள்கட்டில் இரண்டோ மூன்றோ நாள், டிசம்பர் தொடக்கத்தில் விற்பனை முடிவதற்குள். மலிவு என்று விலக்குள்ள கட்டை எடுத்தால் அந்தக் குடும்பத்துக்கு நஷ்டம் உறுதி. பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கிறது. கொலராடோவில் மழலை வகுப்பு முதல் 5-ஆம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகளுக்கு வேல் ரிசார்ட்ஸ் மலைக்கு நான்கு நாள் வீதம் இலவசமாகத் தருகிறது. கனடாவில் 4, 5-ஆம் வகுப்புக் குழந்தைகளுக்கான ஸ்னோபாஸ், திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு மலையிலும் மூன்று முறை ஏறவிடுகிறது, விலை ஒரு குடும்பச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது. டொராண்டோவில் 4-ஆம் வகுப்புக் குழந்தை இருக்கும் வீடு முதலில் வாங்க வேண்டிய பாஸ் அதுதான். எந்த மலையில் எந்த நாள் செல்லாது என்ற பட்டியல் அதற்கும் உண்டு, வாங்குமுன் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.